திருத்தம்

சென்ற இதழ் மூன்றாம் பக்கத்தில்
என் பெயரில் வந்த செய்தியில் ஒரு பிழை.
திருத்த எனக்கு மூன்று வரி இடம் தந்திருக்கிறார்கள்,
நான்காம் பக்கத்தில்,
அக மதிப்பீட்டுத் தேர்வு அட்டவணைக்குக் கீழே.

மூன்று வரியில் அடங்காதது இது.

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி.
விடுதி மாடியில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம்
தண்ணீர்த் தொட்டிப் பக்கம்; அங்கே நின்று கேட்டேன்.
மறுமுனையில் தையல்நாயகியின் சித்தப்பா.
"பொட்டுத் தண்ணி இல்லம்மா. லஸ்கர் தூங்குறான்."
அவர் பொய் சொல்லவில்லை.
அவருடைய மூன்று மாவும் மேட்டுக்கால்.
வாய்க்காலில் முழங்கால் அளவு ஓடினால்தான் அங்கே ஏறும்.
யார், என்ன, எங்கே, எப்போது
எல்லாம் கேட்டேன்.
மேடா பள்ளமா என்பது பாடத்தில் இல்லை.

முகப்பு வரியை ஒன்பது தடவை எழுதினேன்:
"மேட்டூர் திறந்து இருபத்துநாலு நாள்.
தலைஞாயிறு வாய்க்காலில்
திறக்க வேண்டியவர் உறங்குகிறார்."
பேராசிரியர் 'உறங்குகிறார்' கீழே சிவப்பில் கோடிழுத்து
இருபதுக்குப் பதினேழரை போட்டார்.
வகுப்பில் வாசித்தும் காட்டினார்.
அன்றிரவு மெஸ்ஸில் எனக்கு இரண்டாவது அப்பளம் கிடைத்தது.

புதன்கிழமை நான் போனது திருத்துவதற்கு அல்ல.
அடுத்த இதழுக்கு வெடித்த மண் படம் வேண்டியிருந்தது.
திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறி
இறங்கி நடந்தால் செருப்பு நனைகிறது.
கலங்கலாய், நுரையாய்,
ஆகாயத்தாமரையும் பால் கவர்களும் தள்ளிக்கொண்டு
வாய்க்கால் போய்க்கொண்டிருந்தது.

மதகடியில், புங்க மர நிழலில், சிமெண்ட் சாக்கு விரித்து
ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார்.
பகல் பன்னிரண்டரை.
எழுப்ப வாய் வரவில்லை. நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
மதகின் திருகுத் தண்டை யாரோ பாதியில் அறுத்திருந்தார்கள்,
பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.
பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தவை
ஒரு கடப்பாரை, ஒரு பனங்கட்டை.
அவர் வலது உள்ளங்கையில் வேட்டிக் கிழிசல் கட்டு,
ஓரத்தில் மஞ்சள்.

எழுந்ததும் இதழை நீட்டினேன். வேறென்ன செய்ய.
எழுத்துக் கூட்டி வாசித்தார்.
"வெள்ளிக்கிழம ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வந்துச்சு.
நீ எழுதும்போது தண்ணி வரல. அது சரி."
கொஞ்சம் கழித்து,
"தூங்குனதும் சரிதான்.
முந்துன நாள் ராத்திரி பூரா இதோட மல்லுக்கட்டிட்டு
பகல்ல தூங்குனேன். அதப் போடல."

பிறகு ஓரிடத்தில் விரலை வைத்தார்.
"பேரு சரியாப் போட்டிருக்க. மரியசூசை.
இருபத்தேழு வருசமா சம்பளப் பட்டியல்ல
மரியசூச்சை, மாரிசூசை, ஒருதடவ மாரியம்மா.
ரெண்டு பிரதி குடு, மருமவளுக்குக் காட்டணும்."

கோபம் வரவில்லையா என்று கேட்க நினைத்தேன்.
குறிப்பேட்டில் எழுதினேன். அடித்தேன்.

"திருத்தத்துக்கு மார்க் கிடையாது, தெரியுமில்ல?"
என்றார் பேராசிரியர். தெரியும் என்றேன்.

நேற்று அச்சாகி வந்தது. மூன்று வரி.
தேதி, நேரம், திருகுத் தண்டு எல்லாம் சரி.
பெயர் மட்டும் 'மரியசூரை'.

இருநூற்றைம்பது பிரதி.
விடுதி வராந்தாவில் உட்கார்ந்து நீலப் பேனாவால்
ஒவ்வொன்றிலும் 'ரை'யை 'சை' ஆக்குகிறேன்.
நூற்றுப் பதினொன்றில் மை வெளுக்கிறது.
தையல்நாயகி வேறு பேனா தேடிப் போய்
செல்போனோடு திரும்பி வருகிறாள்.

அவள் சித்தப்பா வயலில்
இன்னும் ஏறவில்லையாம்.